பழைய பைக் வாங்கினீர்களா? ஏறி ஓட்டும் முன் நட்டு போல்ட்டைப் பாருங்கள்



நம் அறக்கட்டளையில் வட்டியில்லாக் கடன் கேட்டு வருகிறவர்களில் பலருக்குத் தேவைப்படுவது ஒரு பழைய இரு சக்கர வண்டி. முட்டை, பன், துணி மூட்டை என்று பின்னால் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் விற்கிறவர்களுக்கும், ஃபஜ்ரு தொழுத கையோடு மார்க்கெட்டுக்குக் கிளம்புகிறவர்களுக்கும், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலும் மதரஸாவிலும் கொண்டுபோய் விடும் வாப்பாமார்களுக்கும் வண்டி இல்லாமல் அன்றாடம் ஓடாது. புதிய வண்டிக்குக் கையில் பணம் இருக்காது. ஆகவே ஐந்து வருடம், எட்டு வருடம் ஓடிய வண்டி ஒன்றைப் பார்த்து வாங்குகிறார்கள். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நன்றாகப் பராமரித்த 100 சிசி வண்டி பத்து வருடம் தாண்டியும் உழைக்கும்.

ஆனால் வாங்கும்போது நாம் எதைப் பார்க்கிறோம்? எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும், டேங்கில் கீறல் இருக்கிறதா, ஆர்சி புத்தகம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறோம். ஒரு உதை உதைத்ததும் எஞ்சின் பிடித்துக்கொண்டால் மனம் நிறைந்துவிடுகிறது. பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு அப்படியே ஏறி வீட்டுக்கு ஓட்டி வருகிறோம். அன்று மாலையே வீட்டுப் பெண்களையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு மாமி வீட்டுக்குப் போய்க் காட்டிவிட்டும் வருகிறோம். அந்த வண்டியின் பின்சக்கர நட்டைக் கடைசியாக யார், எப்போது முடுக்கினார்கள் என்று நமக்குத் தெரியாது. விற்றவருக்கும் பெரும்பாலும் தெரியாது.

அதனால்தான் இந்த மாத இதழில் இதைப் பற்றி எழுதுகிறோம். இதற்கு மெக்கானிக் படிப்பு வேண்டாம். அரை மணி நேரமும், இரண்டு கைகளும், நாலைந்து ஸ்பேனரும் போதும்.

நட்டு ஏன் கழல்கிறது?

நாம் ஓட்டும் சிறிய வண்டிகளில் எஞ்சினுக்கு ஒரே ஒரு சிலிண்டர்தான். உள்ளே பிஸ்டன் நிமிடத்துக்குச் சில ஆயிரம் தடவை மேலும் கீழும் போய் வருகிறது. அந்த அதிர்வு ஃபிரேம் முழுவதும் பரவுகிறது. அதோடு நம் தெருக்களின் பள்ளமும் வேகத்தடையும் சேர்ந்துகொள்கின்றன. முடுக்கிய நட்டு மரையில் இருக்கும் இறுக்கத்தால்தான் நிற்கிறது. அதிர்வு அந்த இறுக்கத்தை மயிரிழை மயிரிழையாகக் குறைக்கிறது. முதலில் இறுக்கம் போகும்; அப்போது வெளியே ஒன்றும் தெரியாது. பிறகு ஆட்டம் வரும். ஆட்டம் வந்துவிட்டால் நட்டு கழல அதிக நாள் பிடிக்காது.

இதைத் தடுக்கத்தான் கம்பெனியிலேயே சில ஏற்பாடுகள் செய்து அனுப்புகிறார்கள். நட்டுக்கு அடியில் ஸ்பிரிங் வாஷர் போடுவார்கள். சில நட்டின் உள்விளிம்பில் நைலான் வளையம் இருக்கும். அது மரையைக் கவ்விப் பிடிக்கும். முக்கியமான இடங்களில் போல்ட்டின் நுனியில் துளை போட்டு ஸ்பிளிட் பின் சொருகியிருப்பார்கள். நட்டு கழன்றாலும் வெளியே விழாமல் அது தடுக்கும். பழைய வண்டியில் சிக்கல் இங்குதான் தொடங்குகிறது. வண்டி நாலைந்து பட்டறைகளைப் பார்த்திருக்கும். ஒவ்வொரு தடவை பஞ்சர் ஒட்டச் சக்கரத்தைக் கழற்றும்போதும் ஒரு வாஷர் தொலைந்திருக்கும். ஸ்பிளிட் பின்னுக்குப் பதிலாகக் கட்டுக்கம்பியோ ஆணியோ செருகியிருப்பார்கள். நைலான் நட்டு பல தடவை கழற்றி மாட்டியதில் பிடிப்பு போய் விரலாலேயே சுழலும். எஞ்சின் சத்தம் எவ்வளவு சுகமாக இருந்தாலும் இதையெல்லாம் காட்டிக்கொடுக்காது.

கையை வைத்துப் பாருங்கள்

எஞ்சின் ஆறியிருக்கும்போது, நல்ல வெளிச்சத்தில், சமதளத்தில் சென்டர் ஸ்டாண்டு போட்டு நிறுத்துங்கள். சாவியைக் கையில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது செயின் அருகிலோ சக்கரக் கம்பிகளுக்கு இடையிலோ ஒருபோதும் கை போகக் கூடாது. செயினைத் துடைக்கிறேன் என்று கியரில் போட்டு ஓடவிட்டு, துணியோடு விரலும் ஸ்பிராக்கெட் பல்லுக்குள் போய்த் துண்டாகிறது; மருத்துவமனைகளுக்கு இப்படி வருகிறவர்கள் உண்டு. பிள்ளைகள் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்க ஆசைப்படுவார்கள். பார்க்கட்டும், தொடாமல்.

விற்பனைக்கு வரும் வண்டியைத் தண்ணீர் அடித்துக் கழுவி, பாலிஷ் போட்டுப் பளபளவென்று வைத்திருப்பார்கள். அழகுதான், ஆனால் அடையாளங்களும் அதோடு போய்விடுகின்றன. கழலும் நட்டைச் சுற்றி மெல்லிய துருப்பொடி அல்லது கறுப்புத் தடம் இருக்கும். எண்ணெய் கசியும் இடத்தில் புழுதி ஒட்டிக் கறுத்திருக்கும். கழுவிய வண்டியில் இவை தெரியாது. முடிந்தால் முதல் தடவை போய்ப் பார்க்கும்போதே முன்னறிவிப்பில்லாமல் போய்ப் பார்ப்பது நல்லது.

முன்பக்கத்திலிருந்து ஆரம்பிப்போம். முன்சக்கரத்துக்கு நேராக நின்று, சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவே பிடித்துக்கொண்டு ஹேண்டில்பாரை இடமும் வலமும் திருப்ப முயலுங்கள். சக்கரம் நிற்க, ஹேண்டில் மட்டும் அசைந்தால் மேலே உள்ள கிளாம்ப் போல்ட்டுகளோ ஃபோர்க்கைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளோ தளர்ந்திருக்கின்றன. அடுத்து, ஒருவரைப் பின்சீட்டின் கடைசியில் அழுத்தச் சொன்னால் முன்சக்கரம் தரையை விட்டு எழும்பும். இப்போது ஃபோர்க்கின் அடிப்பகுதியை இரு கைகளாலும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். 'டக் டக்' என்று கையில் தட்டினால், ஹேண்டில் திரும்பும் இடத்தில் உள்ள கோன் செட் லூஸ். ஹேண்டிலை மெதுவாக ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் திருப்பும்போது நடுவில், நேராக வரும் இடத்தில், எதிலோ மாட்டிக்கொள்வது போல நின்றால் கோன் செட் தேய்ந்து குழி விழுந்துவிட்டது என்று பொருள். அதை முடுக்கிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். இது இருந்தால் வண்டி நேராக ஓடாமல் லேசாக அலைந்துகொண்டே போகும். ஓட்டுகிறவருக்குக் காரணம் புரியாது.

சக்கரத்தின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருக்கவே கூடாது. இருந்தால் அச்சு நட்டு லூஸாக இருக்கும், அல்லது பேரிங் போயிருக்கும். கம்பிச் சக்கரமாக இருந்தால் ஒவ்வொரு கம்பியையும் ஸ்குரூ டிரைவரால் லேசாகத் தட்டுங்கள். இறுக்கமான கம்பி 'டிங்' என்று பாடும். தளர்ந்தது செத்த குரலில் 'டொக்' என்னும். ஒன்றிரண்டு தளர்ந்தாலும் மீதிக் கம்பிகள் மேல் சுமை ஏறி அவையும் முறியத் தொடங்கும். கம்பியை நாமே முடுக்கினால் சக்கரம் கோணிவிடும். சைக்கிள் கடையில் கோட்டம் எடுக்கத் தெரிந்தவரிடமோ மெக்கானிக்கிடமோ விட்டுவிடுவதே சரி.

முன்பக்கம் டிரம் பிரேக் உள்ள வண்டியில் ஒரு சிறிய விஷயம் உண்டு, பலருக்குத் தெரியாது. சக்கரத்தின் நடுவில் இருக்கும் பிரேக் தட்டில் ஒரு பள்ளம் இருக்கும். ஃபோர்க்கில் இருக்கும் ஒரு முட்டு அந்தப் பள்ளத்துக்குள் சரியாக உட்கார வேண்டும். பிரேக் பிடித்தால் தட்டு சக்கரத்தோடு சேர்ந்து சுற்றாமல் நிறுத்துவது அந்த முட்டுதான். அவசரமாகப் பஞ்சர் ஒட்டிச் சக்கரத்தை மாட்டும்போது இது பொருந்தாமல் போவதுண்டு. குனிந்து கண்ணால் பாருங்கள், ஒரு நிமிட வேலை. டிஸ்க் பிரேக்காக இருந்தால் காலிப்பரை ஃபோர்க்கோடு பிணைக்கும் இரண்டு போல்ட்டையும் ஸ்பேனர் வைத்துச் சோதியுங்கள். பிரேக் லீவரைப் பிடித்தால் பஞ்சு போல உள்ளே போகக் கூடாது.

பின்சக்கரத்தின் அந்தப் பட்டை

பின்பக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பின்சக்கரத்தில் பிரேக் தட்டிலிருந்து முன்னோக்கி ஒரு இரும்புப் பட்டையோ தண்டோ போய், ஸ்விங் ஆர்மில் ஒரு போல்ட்டால் மாட்டப்பட்டிருக்கும். டார்க் ஆர்ம் என்பார்கள். சில பட்டறைகளில் ஸ்டே என்பார்கள். பிரேக் மிதியிலிருந்து வரும் மெல்லிய ராடு வேறு, இது வேறு. குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இதன் வேலை மேலே சொன்ன முட்டின் வேலையேதான். பிரேக்கை மிதித்ததும் உள்ளே இருக்கும் பிரேக் ஷூ சுற்றும் டிரம்மைக் கவ்வுகிறது. அப்போது டிரம் தன்னோடு ஷூவையும் தட்டையும் சேர்த்து இழுக்கப் பார்க்கும். அந்தப் பட்டைதான் தட்டைப் பிடித்து நிறுத்துகிறது. அதன் போல்ட்டு விழுந்துவிட்டால், அடுத்த தடவை பிரேக் மிதிக்கும்போது தட்டு சக்கரத்தோடு சேர்ந்து சுழலும். பிரேக் ராடை வளைத்துச் சுருட்டிக்கொள்ளும். பிரேக் முழுவதும் போய்விடலாம், அல்லது சக்கரம் ஓட்டத்திலேயே இறுகி நின்றுவிடலாம். இரண்டில் எது நடந்தாலும் பின்னால் உட்கார்ந்திருப்பவரைக் காப்பாற்ற நம் கையில் ஒன்றும் இருக்காது. அவ்வளவு பெரிய பொறுப்பு ஒரு சிறிய போல்ட்டின் மீது இருப்பதால்தான் பல வண்டிகளில் அதற்கு ஸ்பிளிட் பின் கொடுத்திருக்கிறார்கள். முழங்கால் போட்டு உட்கார்ந்து பாருங்கள்: பட்டையின் இரண்டு முனையிலும் போல்ட்டு இருக்கிறதா, நட்டு இறுக்கமாக இருக்கிறதா, பின் இருக்கிறதா. பின் இல்லையென்றால் புதிதாக வாங்கிப் போடுங்கள். சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் பொருள். கழற்றியதை நிமிர்த்தி மறுபடியும் போடக் கூடாது. ஒரு தடவை வளைந்து நிமிர்ந்த பின் எளிதில் ஒடியும்.

பின் அச்சு நட்டு வண்டியிலேயே பெரிய நட்டுகளில் ஒன்று. செயினை இழுத்து வைப்பதற்காக அடிக்கடி தளர்த்தப்படுவதும் அதுதான். தளர்த்தியவர் மறந்துபோய் அரைகுறையாக முடுக்கியிருக்கலாம். நீளமான ஸ்பேனர் போட்டுச் சோதியுங்கள். அப்படியே இரு பக்கமும் உள்ள செயின் அட்ஜஸ்டரில் வெட்டியிருக்கும் கோடுகளை எண்ணுங்கள். இடமும் வலமும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் முன்னே, மறு பக்கம் பின்னே இருந்தால் சக்கரம் கோணலாக ஓடுகிறது. டயரும் செயினும் ஒரு பக்கமாகத் தேயும்.

செயின் மூடியில் ரப்பர் அடைப்பு இருக்கும். அதைக் கழற்றி விரலால் செயினை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். பெரும்பாலான 100, 125 சிசி வண்டிகளுக்கு இரண்டு முதல் மூன்று சென்டிமீட்டர் தொய்வு சரியானது. சக்கரத்தைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி நாலு இடத்தில் பார்க்க வேண்டும். ஓரிடத்தில் இறுக்கமாகவும் இன்னோரிடத்தில் தொளதொளவென்றும் இருந்தால் செயின் ஆயுள் முடிந்தது. செயின் லாக்கில் கிளிப் போட்டிருந்தால், அதன் மூடிய முனை செயின் ஓடும் திசையை நோக்கி இருக்க வேண்டும். திருப்பிப் போட்டிருந்தால் ஏதாவது பட்டுக் கிளிப் தெறித்துவிடும். அறுந்த செயின் சக்கரத்தில் சுருட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பின்சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் தள்ளும்போது சக்கரம் மட்டுமல்லாமல் ஸ்விங் ஆர்மும் சேர்ந்து ஆடினால் அதன் புஷ் தேய்ந்திருக்கிறது. வளைவில் திரும்பும்போது வண்டியின் பின்பகுதி வழுக்குவது போலத் தோன்றுவதற்கு இது ஒரு காரணம். ஷாக் அப்சார்பரின் மேல் கீழ் நட்டுகளையும் அப்போதே பார்த்துவிடுங்கள். பிரேக் தட்டின் மேல் ஒரு சிறிய அம்புக்குறி இருக்கும். பிரேக்கை முழுதாக மிதிக்கும்போது அது எதிரே உள்ள குறியைத் தொட்டுவிட்டால் பிரேக் ஷூ தீர்ந்துவிட்டது. அட்ஜஸ்டர் நட்டை எவ்வளவு முடுக்கினாலும் சரியாகாது.

பின்னால் உட்காருகிறவர்களுக்காக

நம் வீட்டுப் பெண்கள் பர்தாவோ, நீண்ட துப்பட்டியோ, சேலையோ உடுத்திப் பின்னால் உட்காருகிறார்கள். பலர் இரு கால்களையும் இடப்பக்கம் போட்டு உட்காருகிறார்கள். துணி தொங்குவது இடப்பக்கம். பெரும்பாலான வண்டிகளில் செயினும் இடப்பக்கம்தான். துணியின் ஓரம் சக்கரக் கம்பியிலோ செயினிலோ சிக்கினால் ஓட்டுகிறவர் கவனிப்பதற்குள் உட்கார்ந்திருப்பவரை இழுத்துக் கீழே தள்ளிவிடும். முந்தானையோ துப்பட்டாவோ கழுத்தைச் சுற்றியிருந்தால் உயிருக்கே ஆபத்து. ஆகவே இந்தப் பகுதியைக் கடமையாகவே எண்ணிப் பாருங்கள்.

இதற்காகவே சட்டம் இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆம் விதி, பின்னால் உட்காருகிறவர் பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும், கால் வைக்க ஃபுட்ரெஸ்டும், துணி சக்கரத்தில் சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பும் ஒவ்வொரு மோட்டார் சைக்கிளிலும் இருக்க வேண்டும் என்கிறது. அந்தத் தடுப்பைத்தான் நாம் சாரி கார்டு என்கிறோம். பழைய வண்டிகளில் முதலில் காணாமல் போவதும் அதுதான். போல்ட்டு தளர்ந்து கடகடவென்று சத்தம் போடுகிறது என்று கழற்றி எறிந்துவிடுகிறார்கள். இளைஞர் ஓட்டிய வண்டியாக இருந்தால் அழகுக்காகவே கழற்றியிருப்பார். சாரி கார்டு இல்லாத வண்டியை வாங்கினால் அதைப் போட்ட பிறகே வீட்டாரை ஏற்றுங்கள். இருந்தால் கையால் உள்நோக்கி அழுத்திப் பாருங்கள். சக்கரக் கம்பியைத் தொடும் அளவுக்கு வளைந்தால் அதுவே ஆபத்து. செயின் மூடியின் போல்ட்டுகள் எல்லாம் இருக்கின்றனவா என்பதையும் பாருங்கள். மூடியில்லாமல் செயின் வெளியே தெரியும் வண்டியில் பர்தா அணிந்தவரை உட்கார வைக்கவே கூடாது.

பின்ஃபுட்ரெஸ்டின் மேல் ஒரு காலை வைத்து உடல் எடை முழுவதையும் கொடுத்து மிதியுங்கள். கீழே தொங்கினாலோ ஆடினாலோ போல்ட்டை மாற்ற வேண்டும். பின் கைப்பிடியைப் பிடித்து வண்டியையே தூக்குவது போல இழுங்கள். சீட்டை முன்பக்கத்திலிருந்து மேலே தூக்கிப் பாருங்கள். பூட்டு பிடிக்காமல் வெறுமனே உட்கார்ந்திருக்கும் சீட்டுகள் நிறைய உண்டு. இதையெல்லாம் வீட்டுப் பெண்களே செய்து பார்க்கலாம். அதில் உட்காரப் போவது அவர்கள்தான். சரியில்லை என்று அவர்கள் சொன்னால் அவசரப்படுத்தாமல் கேளுங்கள்.

பிள்ளைகள் விஷயத்தில் ஒரு வார்த்தை. ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தையைப் பின்னால் ஏற்றினால், ஓட்டுகிறவரோடு இணைக்கும் பாதுகாப்புப் பட்டையும் தலைக்கவசமும் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது 2023 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த விதி. வாப்பா, உம்மா, நடுவில் ஒன்று, டேங்க் மேல் ஒன்று என்று நாலு பேர் போகும் பழக்கத்தைப் பற்றி ஏற்கனவே இந்த இதழில் எழுதியிருக்கிறோம். பழைய வண்டியின் போல்ட்டுகளும் அந்தச் சுமைக்குச் செய்யப்பட்டவை அல்ல.

மீதி இடங்கள்

சைடு ஸ்டாண்டின் ஸ்பிரிங்கைக் கவனியுங்கள். மடக்கினால் 'டக்' என்று ஒட்டிக்கொள்ள வேண்டும். தொங்கிக்கொண்டிருக்கும் ஸ்டாண்டு இடப்பக்கம் திரும்பும்போது தரையில் குத்தி வண்டியையே தூக்கிப் போட்டுவிடும். எஞ்சினை ஃபிரேமில் பிடித்திருக்கும் போல்ட்டுகளைச் சுற்றிலும் பாருங்கள். ஒன்று இல்லாவிட்டாலும் அதிர்வு கூடி மற்றதெல்லாம் தளரும். சைலன்சரின் பெண்டு பைப் எஞ்சினில் சேரும் இடத்தில் உள்ள நட்டுகளை எஞ்சின் ஆறியிருக்கும்போது மட்டும் தொடுங்கள். கியர் லீவர், பிரேக் மிதி, கிளட்ச் லீவர், பேட்டரி முனைகள், ஹெட்லைட், நம்பர் பிளேட், மட்கார்டு எல்லாவற்றையும் ஒரு தடவை கையால் அசைத்துவிடுங்கள். முந்தைய உரிமையாளர் பால் கேனுக்கோ சிலிண்டருக்கோ தனியாகக் கேரியர் அடித்திருந்தால் அதன் வெல்டிங்கில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். தேவையில்லை என்றால் கழற்றிவிடுவதே மேல்.

ஆக்ஸிலேட்டரைத் திருகிவிட்டுக் கையை எடுத்தால் தானாகத் திரும்பி வர வேண்டும். எஞ்சின் ஓடும்போது ஹேண்டிலை இரு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பாருங்கள். திருப்பும்போது எஞ்சின் சத்தம் தானாக ஏறினால் கேபிள் எங்கோ இழுபடுகிறது. தெருமுனையில் திரும்பும்போது வண்டி தானாகப் பாய்ந்தால் பழகியவர்கூடத் தடுமாறிவிடுவார்.

முடுக்கும் முறை

லூஸ் என்றதும் பலம் முழுவதையும் காட்டி முடுக்கிவிடாதீர்கள். எஞ்சின் உடம்பு அலுமினியம். இரும்பு போல்ட்டை அளவுக்கு மீறி முடுக்கினால் மரை அழிந்துபோகும். ஆயில் இறக்கும் போல்ட்டில் பலர் இப்படித்தான் செலவை இழுத்துவிடுகிறார்கள். அச்சு நட்டு போன்ற பெரியவற்றுக்கு நீளமான ஸ்பேனர், சிறிய போல்ட்டுகளுக்குக் கட்டையான ஸ்பேனர். 8, 10, 12, 14, 17, 19 எண் ரிங் ஸ்பேனர்கள் இருந்தால் பெரும்பாலான வேலை முடிந்துவிடும். கட்டிங் பிளேயரால் நட்டைத் திருகினால் அதன் மூலைகள் மழுங்கி, பிறகு யாராலும் கழற்ற முடியாது. விரலாலேயே சுழலும் நைலான் நட்டை முடுக்கிப் பயனில்லை, புதிது போடுங்கள். கண்ணாடி மட்டும் சில வண்டிகளில் எதிர்த்திசை மரையாக இருக்கும். திரும்பவில்லை என்றால் மல்லுக்கட்ட வேண்டாம்.

முடுக்கி முடித்ததும் பிள்ளைகளின் ஒயிட்னர் பேனாவால் நட்டின் மேலும் அதை ஒட்டிய இரும்பின் மேலும் சேர்த்து ஒரே கோடாக இழுத்துவிடுங்கள். அச்சு நட்டுகள், டார்க் ஆர்ம் போல்ட்டு, காலிப்பர் போல்ட்டு, ஹேண்டில் கிளாம்ப் ஆகிய இடங்களில் போட்டால் போதும். நட்டு சற்று நகர்ந்தாலும் கோடு முறிந்து காட்டிவிடும். பிறகு தினமும் ஸ்பேனர் எடுக்க வேண்டாம், ஒரு பார்வை போதும்.

இதன்பின் ஈத்கா திடல் போன்ற ஆளில்லாத இடத்தில், தலைக்கவசம் அணிந்து, தனியாக, மெதுவாக ஓட்டுங்கள். நடை வேகத்தில் முன் பிரேக்கைத் தனியாகவும் பின் பிரேக்கைத் தனியாகவும் பிடித்துப் பாருங்கள். காதைக் கொடுத்துக் கேளுங்கள். பிறகு 20, 30 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி எல்லா நட்டையும் சோதியுங்கள். புதிதாக முடுக்கிய நட்டுகள் இந்தத் தூரத்தில்தான் மீண்டும் இளகும். அடுத்த சோதனை ஒரு வாரம் கழித்து, அதன்பின் மாதம் ஒரு தடவை.

விற்கிறவர்களுக்கும் சொல்கிறோம்

நம் மஹல்லாவில் வாங்குகிறவர்கள் மட்டுமல்ல, விற்கிறவர்களும் இருக்கிறார்கள். நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு, மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கேட்ட செய்தி நாம் அனைவரும் அறிந்தது. வண்டியைக் கழுவிப் பாலிஷ் போடுவது தவறில்லை. கோன் செட் போயிருப்பது தெரிந்தும் சொல்லாமல் இருப்பது, ஈரத்தை உள்ளே வைத்து மேலே காய்ந்ததைப் பரப்புவதுதான். குறையைச் சொல்லி இரண்டாயிரம் குறைத்து விற்றால் அந்தப் பணத்தில் பரக்கத் இருக்கும். மறைக்கப்பட்ட குறை பிறகு தெரியவந்தால் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையை வாங்கியவருக்கு ஷரீஅத் தந்திருக்கிறது என்பதையும் இரு தரப்பும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர் மாற்றத்தையும் தள்ளிப்போட வேண்டாம். ஒரே மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாட்களுக்குள்ளும், வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கிறதா என்று பார்க்காமல் வண்டியைச் சாலையில் இறக்காதீர்கள்.

ரிங் ஸ்பேனர் செட் இல்லாதவர்களுக்காக அறக்கட்டளை அலுவலகத்தில் ஒன்று வாங்கி வைத்திருக்கிறோம். அஸருக்கும் மக்ரிபுக்கும் இடையில் வந்து பதிவேட்டில் பெயர் எழுதி எடுத்துப் போகலாம். மறுநாள் திருப்பித் தர வேண்டும். சென்ற வாரம் எடுத்துச் சென்றவர்களில் யாரிடமோ 10 எண் ஸ்பேனர் தங்கிவிட்டது. அமானிதம் அல்லவா, தயவு செய்து பார்த்துக் கொண்டு வந்து கொடுங்கள்.